நாலாவது டிராம்போன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரையில் நடுநிலை கிடையாது. எங்கள் அண்ணாச்சி வாசிக்கிற பிக் பேண்டுக்கு நான் கொடி பிடிக்காத குறைதான். மற்றபடி முழு ரசிகர் மன்றம். நூலகத்தில் வாசித்தாலும் போவேன், தீயணைப்பு நிலைய மண்டபத்தில் வாசித்தாலும் போவேன், மழை வரும் என்று வானிலைக்காரர் பயமுறுத்திய பூங்காவுக்கும் குடையைத் தூக்கிக்கொண்டு போவேன். வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். பதினேழு பேர் சேர்ந்து ஸ்விங் வாசிப்பதைப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டவனுக்கு எந்தக் கிண்டலும் உறைக்காது.

அண்ணாச்சி நாகர்கோவில்காரர். இரட்சணிய சேனைக் குடும்பம். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சேனைக்காரர்களுக்குப் பித்தளை வாத்தியம் என்றால் உயிர். சின்ன வயதில் சபை பேண்டில் டிராம்போன் பிடித்தவர். பிறகு இன்ஜினியரிங், சென்னை, கம்ப்யூட்டர், அமெரிக்கா என்று எல்லாருக்கும் நடப்பது அவருக்கும் நடந்தது. டிராம்போன் ஊரோடு நின்றுபோனது. இங்கே நியூஜெர்சியில் அவர் மகன் பள்ளி பேண்டில் வாசித்துவிட்டு, கல்லூரிக்குப் போகும்போது வீட்டில் போட்டுவிட்டுப் போன டிராம்போன்தான் எல்லாவற்றையும் மறுபடி தொடங்கிவைத்தது. கார் ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்திருக்கிறார். மைனி கதவைத் தட்டி, "பக்கத்து வீட்டுக்காரன் போலீஸுக்குப் போன் பண்ணப் போறான்" என்றாராம். பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணவில்லை, நேரில் வந்தார். அவர் ஓய்வுபெற்ற இசை ஆசிரியர். உள்ளூர் பிக் பேண்டில் டெனார் சாக்ஸபோன் வாசிப்பவர். "எங்களுக்கு பாஸ் டிராம்போன் ஆள் இல்லை" என்றார். அவ்வளவுதான், அண்ணாச்சி ஒரு பழைய பாஸ் டிராம்போனை வாங்கிவிட்டார்.

என்னை அவர் இழுத்தது இப்படி: "லே மக்கா, திங்கக்கிழமை ராத்திரி ஒரு எடத்துக்கு வாறியா? சும்மா இருந்து கேளு. புடிக்கலன்னா பாதியில எந்திரிச்சுப் போயிரு."

பிக் பேண்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். முன்வரிசையில் ஐந்து சாக்ஸபோன்: இரண்டு ஆல்டோ, இரண்டு டெனார், ஒரு பாரிடோன். அதன் பின்னால் நான்கு டிராம்போன். அதற்கும் பின்னால், பெரும்பாலும் நின்றபடி, நான்கு ட்ரம்பெட். ஓரத்தில் பியானோ, கிதார், டபுள் பாஸ், டிரம்ஸ். ஆகப் பதினேழு. அண்ணாச்சி உட்காருவது நாலாவது டிராம்போன் நாற்காலியில், அதாவது பாஸ் டிராம்போன் இடத்தில். அந்த நாற்காலிக்குப் புகழ் கிடையாது. தனியாக எழுந்து வாசிக்கும் வாய்ப்பு அபூர்வம். ஆனால் பித்தளைக் கூட்டத்தின் அடித்தளம் முழுக்க அவர் தலையில்தான். அவர் ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்த ஒரு ஒத்திகையைக் கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் வாசித்தார்கள்; ஆனால் ட்ரம்பெட்டுகள் மேலே போய்க் கத்தும்போது கீழே பிடிமானம் இல்லை. அன்றைக்குத்தான் அந்த நாற்காலியின் மதிப்பு எனக்குப் புரிந்தது.

ஒத்திகை ஒரு பள்ளிக்கூடத்து பேண்டு அறையில். திங்கட்கிழமை என்பதற்கும் ஒரு மரபு உண்டு. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் 1966 பிப்ரவரியில் ஒரு பிக் பேண்டைத் தொடங்கியபோது திங்கட்கிழமையைத்தான் பிடித்தார்கள். மற்ற நாட்களில் பிழைப்புக்கு வாசிக்கிற கலைஞர்களுக்கு ஓய்வு அன்றைக்குத்தான். அந்த பேண்டு பெயர் மாறி இன்றும் அதே இடத்தில் திங்கட்கிழமை இரவுகளில் வாசிக்கிறது. எங்கள் ஆட்களில் யாருக்கும் வாத்தியம் பிழைப்பு இல்லை. தபால்காரர், பல் மருத்துவர், நர்ஸ், குழாய் ரிப்பேர்க்காரர், ஒரு பதினொன்றாம் வகுப்புப் பையன். அந்தப் பையன் இரண்டாவது ட்ரம்பெட். வீட்டுப்பாடத்தை இடைவேளையில் முடிப்பான்.

எதற்காக இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். ஸ்விங்குக்காகத்தான். தாளில் சமமான ஸ்வரங்களாகத்தான் எழுதியிருக்கும். வாசிக்கும்போது முதல் ஸ்வரம் நீளும், அடுத்தது சுருங்கும். திஸ்ர நடை தெரிந்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும்: மூன்றில் இரண்டு பங்கு முதலாவதற்கு, ஒரு பங்கு அடுத்ததற்கு. மீதிப் பாதி கணக்கில் அகப்படாது. பாட்டு வேகம் பிடித்தால் அந்த விகிதம் ஏறக்குறையச் சமமாகிவிடும். எந்த வேகத்தில் எவ்வளவு என்று எந்தத் தாளிலும் இருக்காது. லீட் ட்ரம்பெட் வாசிக்கிற அம்மா எப்படி நீட்டுகிறாரோ அப்படியே மற்ற மூவரும் நீட்ட வேண்டும். டிராம்போன்கள் அவரைக் கேட்க வேண்டும். சாக்ஸபோன்கள் முதல் ஆல்டோவைக் கேட்க வேண்டும். பதினேழு பேரும் இப்படி ஒருவரையொருவர் காதில் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் வந்து இறங்குகிற அந்த நொடி இருக்கிறதே, சட்டைக்குள்ளே காற்று அடிக்கும்! சும்மா சொல்லவில்லை. எட்டுப் பித்தளை வாய்கள் நம்மைப் பார்த்துத் திறந்திருக்கின்றன. நெஞ்சில் நிஜமாகவே மோதும். இதை எந்த ஹெட்போனும் கொடுக்காது. நான் கேட்டு வைத்திருந்த ரெக்கார்டுகள் எல்லாம் தபாலில் வந்த புகைப்படங்கள் என்று அந்தத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

பாட்டின் கடைசிப் பகுதிக்கு முன்னால் ஒரு கட்டம் வரும், ஷவுட் கோரஸ் என்பார்கள். தனி வாசிப்புகள் எல்லாம் முடிந்து, மொத்த பேண்டும் உச்ச சத்தத்தில் ஒரே தாளக்கட்டில் இறங்கும் இடம். அதற்கு ஒரு விநாடி முன்னால் டிரம்ஸ்காரர் கொடுக்கிற அந்தத் தூக்கலைக் கவனியுங்கள். பித்தளை எந்த இடத்தில் விழப்போகிறது என்பதை அவர்தான் முன்கூட்டியே சுட்டிக் காட்டுகிறார். அவர் தவறினால் எட்டு பேரும் பள்ளத்தில் விழுவார்கள். எங்கள் டிரம்ஸ்காரர் தவற மாட்டார். பகலில் வரிக் கணக்கு பார்ப்பவர். அந்த ஒழுங்கு இங்கேயும் இருக்கிறது.

இந்த பேண்டு இந்த வட்டாரத்தில் இருப்பதில் எனக்குத் தனிப் பெருமை. கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் 109ஆம் எண் வெளிவழியில் இறங்கினால் ரெட் பேங்க். பெரிய பிக் பேண்டு ஒன்றை நடத்திய கவுன்ட் பேசி பிறந்த ஊர். 1904 ஆகஸ்ட் 21. பையனாக இருந்தபோது அவருக்கு டிரம்ஸ் மேல்தான் ஆசை. பக்கத்து லாங் பிராஞ்சில் சன்னி கிரீர் என்று ஒருவர் டிரம்ஸ் வாசித்த அழகைக் கேட்டு, இவரோடு போட்டி போட முடியாது என்று பியானோவுக்கு மாறிவிட்டார். அந்த கிரீர் பின்னாளில் டியூக் எலிங்டனின் டிரம்ஸ்காரர் ஆனார். இரண்டு பேர், சில மைல் இடைவெளி, அமெரிக்க இசையின் இரண்டு மாபெரும் பேண்டுகள்! ஊரில் 1926இல் கட்டிய ஒரு பழைய தியேட்டர் இருக்கிறது. பேசி 1984இல் காலமானபின் அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். எங்கள் பேண்டு அந்த மேடையில் வாசிக்கிற அளவுக்கு இன்னும் வளரவில்லை. கடந்துபோகும்போது அண்ணாச்சி கார் கண்ணாடியை இறக்கி ஒரு சல்யூட் வைப்பார், அதோடு சரி.

பேசி பேண்டில் எனக்குப் பிடித்த ஆள் பேசி அல்ல, ஃபிரெடி கிரீன். கிதார்காரர். 1937இல் சேர்ந்தார், 1987இல் சாகும்வரை அதே நாற்காலி. ஐம்பது வருஷம்! அதில் தனி வாசிப்பு என்று அவர் செய்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒலிபெருக்கி இணைக்காத கிதாரில் ஒரு அடிக்கு ஒரு மீட்டல், நான்கு அடிக்கு நான்கு. அவர் வாசிப்பதைக் கேட்க முடியும் என்பதைவிட, அவர் நிறுத்தினால் தெரியும் என்று சொல்வதுதான் சரி. நாலாவது டிராம்போன் அண்ணாச்சிக்கு நான் ஏன் இவ்வளவு ஆதரவு என்று இப்போது புரிந்திருக்கும்.

நீல் ஹெஃப்டி எழுதிய 'லில் டார்லின்' என்று ஒரு பாட்டு. பேசி 1957இல் பதிவு செய்தது. தாளைப் பார்த்தால் எளிது. வேகம் இல்லை, உயர்ந்த ஸ்வரங்கள் இல்லை. ஆனால் ஊர்கிற வேகத்தில் பதினேழு பேரும் அவசரப்படாமல் வாசிக்க வேண்டும். நெல்லையப்பர் தேரை ரதவீதி முக்கில் திருப்புவது மாதிரி. இழுக்கவும் வேண்டும், இழுத்துவிடவும் கூடாது. பெரும்பாலான உள்ளூர் பேண்டுகள் இரண்டாவது சுற்றிலேயே ஓட ஆரம்பித்துவிடும். எங்கள் ஆட்களும் முதலில் ஓடினார்கள். நடத்துநர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "நான் தாளம் போட மாட்டேன். டபுள் பாஸைக் கேளுங்கள்" என்றார். அந்த அறையில் டபுள் பாஸின் நடை மட்டும், டக், டக், டக், டக். பிறகு சாக்ஸபோன்கள், அடியைத் தொட்டும் தொடாமலும் பின்தங்கி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணாச்சி அந்தப் பாட்டில் வாசித்தது எல்லாம் நீண்ட, மெல்லிய, தாழ்ந்த ஸ்வரங்கள். முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்து, "எப்படிடே?" என்றார். நான் கட்டை விரலைத்தான் காட்ட முடிந்தது.

இவ்வளவு நல்ல சமாசாரம் ஏன் பிழைப்பாக நிற்கவில்லை? 1935இல் பென்னி குட்மன் லாஸ் ஏஞ்சலஸின் பாலமார் நடனக் கூடத்தில் கிளப்பிய ஆரவாரத்திலிருந்து பத்து வருஷத்துக்கு இதுதான் அமெரிக்காவின் சினிமாப் பாட்டு, டப்பாங்குத்து, காதல் கீதம் எல்லாம். பிறகு யுத்தம். வாத்தியக்காரர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்ததால் பேண்டு பஸ்கள் ஓடவில்லை. 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டிங்குக்குத் தடை போட்டது; கம்பெனிகள் வாத்தியம் இல்லாமல் பாடகர்களை வைத்தே ஒப்பேற்றின, ஜனங்களும் பாடகர்களிடம் போய்விட்டார்கள். 1944இல் நடனம் நடக்கும் இடங்களுக்கு 30 சதவீத வரி. 1946 கடைசியில் குட்மன், டாமி டார்சி, ஹாரி ஜேம்ஸ், வுடி ஹெர்மன் என்று வரிசையாக பேண்டைக் கலைத்தார்கள். பேசியே 1950இல் சின்னக் குழுவாகச் சுருக்கிக்கொண்டு, 1952இல்தான் மறுபடி முழு பேண்டைக் கட்டினார். பதினேழு பேருக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப்போவது என்பது அன்றைக்கே கட்டுப்படியாகவில்லை. இன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

காப்பாற்றியது பள்ளிக்கூடங்களும் உள்ளூர்க்காரர்களும்தான். வட டெக்சாஸில் 1947இல் ஒரு கல்லூரி இதைப் பட்டப்படிப்பாகவே ஆக்கியது. சாமி நெஸ்டிகோ என்ற மேதை, பேசிக்கு எழுதிய அதே கையால் பள்ளி பேண்டுகளுக்கும் நூற்றுக்கணக்கில் எழுதிக் கொடுத்தார். எங்கள் பேண்டின் கறுப்புக் கோப்புகளில் பாதிக்கு மேல் அவர் சரக்குதான். ஒரு பாட்டுக்கான முழு நோட்டுக் கட்டு வாங்க அறுபது, எழுபது டாலர் ஆகும். அதற்கு நிதி எங்கிருந்து வருகிறது? இடைவேளையில் விற்கிற குலுக்கல் சீட்டில். பாதிப் பணம் வென்றவருக்கு, பாதி பேண்டுக்கு. இதுவரை நான் வாங்கிய சீட்டுகளுக்குக் கணக்கு வைத்தால் மனைவி வைவாள். ஜெயித்ததே இல்லை, அது வேறு விஷயம்.

கோடையில் பூங்காக் கச்சேரிகள் வரும்போது எனக்கும் ஒரு உத்தியோகம் உண்டு. கிளிப் மாட்டுவது. நேவசிங்க் ஆற்றங்கரையில் சாயங்காலக் காற்று சும்மா இருக்காது, நோட்டுத்தாள் பறந்துவிடும். ஆகவே ஒரு டப்பா நிறைய துணி காயப்போடும் மரக் கிளிப்புகள். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் மேலே இரண்டு, கீழே இரண்டு. பாட்டுக்குப் பாட்டு எடுத்து மாட்ட வேண்டும். அந்த வேலையில் இருந்துகொண்டுதான் நான் பார்த்தேன்: மூன்றாவது டிராம்போன்காரர் மடியில் வைத்திருந்தது கழிவறை அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணம், கைப்பிடியைக் கழற்றியது! சாமான் கடையில் வாங்கியதாம். அதை வாத்தியத்தின் வாயில் மூடி மூடித் திறந்தால் மனுஷன் அழுகிறது, முனகுகிறது, வம்பு பேசுகிறது எல்லாம் டிராம்போனில் வந்துவிடும். எலிங்டன் பேண்டில் 'டிரிக்கி சாம்' நான்டன் 1920களிலேயே செய்து காட்டிய வித்தை. ஒருமுறை வேகமான பாட்டு ஒன்றின் நடுவில் காற்று ஓங்கி அடித்து, அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பையனின் தாள் கிளிப்போடு ஆற்றுப் பக்கம் போய்விட்டது. பையன் அசரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பக்கத்தையும் மனப்பாடமாக வாசித்தான். பக்கத்திலிருந்த அறுபது வயது லீட் ட்ரம்பெட் அம்மா வாசித்துக்கொண்டே புருவத்தைத் தூக்கினார் பாருங்கள், அதற்கு மேல் அவனுக்கு என்ன பட்டம் வேண்டும்?

புல்வெளியில் ஆடவும் ஆட்கள் வருவார்கள். லிண்டி ஹாப் கற்றுக்கொள்கிற இளவட்டங்கள் ஒரு பக்கம். அவர்கள் தாவுவதும் சுழல்வதும் ஹார்லெமின் சவாய் நடனக் கூடத்தில் பிறந்தது. கறுப்பர், வெள்ளையர் என்று பிரிக்காமல் எல்லாரையும் ஒரே தரையில் ஆடவிட்ட இடம் அது, அந்தக் காலத்திலேயே. இன்னொரு பக்கம் எண்பதைத் தாண்டிய தம்பதிகள், மெதுவாக, கன்னத்தோடு கன்னம் வைத்து. எங்கள் தமிழ்க் கூட்டம் முதலில் மடக்கு நாற்காலியை விட்டு எழாது. குழந்தைகள்தான் ஓடிப்போய் ஆரம்பிக்கும். மைனி கொண்டுவரும் முறுக்கு டப்பா ஆல்டோ வரிசைவரை போய்க் காலியாகித் திரும்பும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. இரண்டாவது டெனார் தனி வாசிப்பை ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாது. வெயில் ஏற ஏறச் சுருதி கூடும். ஒவ்வொரு கச்சேரியிலும் யாராவது ஒருவர் 'இன் தி மூட்' கேட்பார். க்ளென் மில்லர் 1939இல் பதிவு செய்ததைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் கேட்டவருடைய முகத்தைப் பார்த்தால் ஒன்றும் சொல்லத் தோன்றாது. நகராட்சி வாடகைக்கு எடுக்கிற ஒலிபெருக்கிக்காரர்களோடுதான் எனக்கு நிஜமான சண்டை. இந்த வாத்தியங்களுக்கு மைக்கே வேண்டாம் ஐயா! பாடுகிறவருக்கு ஒன்று வையுங்கள், போதும்.

தமிழ்க் காதுக்கு இது அந்நியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1964இல் வந்த 'புதிய பறவை', 'காதலிக்க நேரமில்லை' படங்களின் பாட்டுகளை விஸ்வநாதன் ராமமூர்த்தி எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு தடவை கேளுங்கள். மேற்கத்திய வாத்தியங்களின் குதூகலம் அங்கேயே இருக்கிறது. எலிங்டனும் 1963இல் தன் முழு பேண்டோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து வாசித்துவிட்டுத்தான் போனார். சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் கேட்க நமக்குக் கத்ரி கோபால்நாத் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஆகவே தயங்க ஒன்றுமில்லை.

நீங்கள் அமெரிக்காவிலோ கனடாவிலோ இங்கிலாந்திலோ இருந்தால், உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு பேண்டு ஏதாவது பள்ளிக்கூடத்து அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஊர் நூலகத்தின் அறிவிப்புப் பலகையையும் நகராட்சியின் கோடைக் கச்சேரிப் பட்டியலையும் பாருங்கள். போனால் ட்ரம்பெட்டுகளுக்கு நேர் எதிரே உட்காராதீர்கள்; சாக்ஸபோன் பக்கம் கொஞ்சம் ஒதுங்கினால் எல்லாம் கேட்கும். கை தட்டுவதென்றால் இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும் தட்டுங்கள். தனி வாசிப்பு முடிந்ததும் கச்சேரி சபை மாதிரி தாராளமாகக் கைதட்டலாம், பாட்டு முடியக் காத்திருக்க வேண்டாம். குலுக்கல் சீட்டுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் நாலாவது டிராம்போன் வாசித்தவரைத் தேடிப்போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவரிடம் யாரும் சொல்வதில்லை. பூங்காக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. நாற்காலியும் கொசு மருந்தும் மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.